புஷ்ஷு கனகம்

காசு வாங்கிக்கொண்டுதான் எல்லைச் செடியை வெட்டினாள் என்று சொல்கிறவர்கள், அந்தக் காசில் கனகம் வாங்கின ஒரு குண்டுமணியையாவது காட்டட்டும். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சுக்கு வரியா கட்ட வேண்டும்? சர்வேயரோடு சிரித்துச் சிரித்துப் பேசினாளாம். சிரிக்காமல் பேச அந்த மனுஷன் என்ன எமனா? ஊர் நிலத்தைக் கம்பெனிக்காரனுக்குக் காட்டிக் கொடுத்தாளாம். அன்றைக்குக் கம்பெனி ஏது, கம்பெனிக்காரன் ஏது?

வெட்டினாள், அது மெய். வடக்குப்பட்டு மேட்டுக்காட்டில் நின்ற எல்லைச் செடி அத்தனையும் அவள் கையால்தான் விழுந்தது. ஏன் வெட்டினாள் என்று கேட்க மட்டும் இந்த ஊரில் ஒருத்தருக்கும் நேரமில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால், அவள் பேருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட அந்த இங்கிலீஷ் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் இருந்தது. அது அவளைப் படாதபாடு படுத்தியது.

கனகம் பென்னலூர்ப் பெண். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் கழித்து, தசரதனுக்கு வாக்கப்பட்டு வடக்குப்பட்டுக்கு வந்தாள். வந்த மாசமே ஏரிக்கரைக்குக் கூலி வேலைக்குப் போனாள். கரை முழுக்க முள்ளும் செடியும் மண்டி, வேர் இறங்கி, கரை விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டிச் சுத்தம் பண்ணுகிற வேலை. ஓவர்சியர் காலையில் ஆள் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, புஷ்ஷெல்லாம் வந்தாச்சா என்று கேட்பார். நோட்டின் தலையில் வேலையின் பேர் அப்படி எழுதியிருந்தது. பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வந்துட்டோம் சாமி என்பார்கள். அப்புறம் அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்தது. நாளைக்கு எனக்கு புஷ்ஷு கீது என்றால் நாளைக்குக் கூலி உண்டு, அடுப்பு எரியும். புஷ்ஷு இல்லை என்றால் பழைய கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடிக்குத்தான் அந்தப் பேர் என்பது வெகு நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

முள் வெட்டுவதில் கனகத்துக்கு ஈடு கிடையாது. இடது கையில் கவைக்கோல், வலது கையில் கத்தி. கவையில் முள்ளை அழுத்தி ஒருபக்கமாகச் சாய்ப்பாள், அடித்தூர் தெரிந்த மாத்திரத்தில் ஒரே வெட்டு. இரண்டாம் வெட்டு வெட்டினால் கையில் முள் ஏறும் என்பாள். வரிசை பிசகாமல் வெட்டிக்கொண்டே போவாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் இழுத்துப் போட்டால் போதும். மூன்றாம் வருஷமே அவளை மேஸ்திரி ஆக்கினார்கள்.

தசரதன் கொஞ்சம் மினுக்கு. சுங்குவார்சத்திரம் தையல்காரனிடம் சொல்லி, இடுப்புக்குக் கீழே தொங்குகிற மாதிரி, நாலு பாக்கெட் வைத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டான். புஷ் சட்டை என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாப்பு டீக்கடையில் வந்து நின்றால் கடைக்காரன் முனிரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்காது. அவனும் வடக்குப்பட்டுக்காரன்தான், மேட்டுக்காட்டில் தசரதன் நிலத்துக்கு அடுத்த நிலம் அவனுடையது.

"பொண்டாட்டி புஷ்ஷு வெட்றா, புருசன் புஷ்ஷ மாட்டிக்கினு கீறான். பாத்துடா தசரதா, ரோட்டுல ஆடு கீடு கடிச்சிடப் போவுது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பென்னலூர் யாக்கோபும் அங்கே இருந்தார். பம்பு ரிப்பேர் பார்க்கிறவர். மெட்ராசில் ஒரு பட்டறையில், சட்டைக்காரர் என்று ஊர் சொல்கிற ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன் ஒருவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இங்கிலீஷ்காரன் ஊரில் புதருக்குத்தான் அந்தப் பேர் என்று விளக்கமாகச் சொன்னார். அவன் கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன பிற்பாடு, ஊர் இல்லாத இடமெல்லாம், காடு கரம்பு எல்லாம் அவனுக்கு புஷ்தானாம். அங்கே குடியிருந்த சனம் காட்டோடு காடாகச் சேர்த்தி. அந்தக் காட்டில் சண்டைக்கும் வேட்டைக்கும் போனவன் போட்ட சட்டைக்கும் அதே பேர் வந்ததாம். இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஊரில் சாராயக்கடை வாசலில் ஒரு கொத்துத் தழையைத் தொங்க விடுவார்களாம், அதையும் புஷ்ஷு என்பார்களாம். அப்போ எந்தக் கடைக்குப் போனாலும் கனகம் பேரைச் சொன்னால் ஊற்றுவார்களா என்று முனிரத்தினம் கேட்டான். அன்றிலிருந்து அவள் புஷ்ஷு கனகம். தசரதன் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

மேட்டுக்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமி. வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து நட்ட கல் அங்கே ஒன்றுகூட மிச்சமில்லை. நல்ல வழவழப்பான கல்லாயிற்றே, ஆளுக்கொன்றாகப் பிடுங்கி ஏரியில் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார்கள். எடுக்காத குடும்பம் கிடையாது. கல் போனாலும் எல்லை போகவில்லை. செடி இருந்தது. இந்தக் காரைச் செடிக்கு இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது. அந்தச் சங்கஞ்செடியிலிருந்து இரட்டை ஆவாரை வரைக்கும் இன்னார் பங்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் ரகுபதி ஐயா வந்து நிற்பார். இரண்டு பேரும் எல்லைச் செடியின் தூரில் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டு, ஒரே குடத்துத் தண்ணீரை ஊற்ற வேண்டும். பத்திரம் என்றால் அதுதான். எல்லைச் செடியில் விறகு ஒடிக்க மாட்டார்கள், மாடு கட்ட மாட்டார்கள். பட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து வேறு செடி நட வேண்டும். இரண்டு தலைமுறையாக அங்கே எல்லைத் தகராறு வந்ததில்லை.

தசரதனுக்கும் அவன் அண்ணன் தணிகாசலத்துக்கும் பாகம் பிரிந்தபோது வீடும் ஏரிப் பாசன நிலமும் மேட்டுக்காட்டில் ஒரு துண்டும் அண்ணனுக்கு. மேட்டுக்காட்டில் ஒன்றரை ஏக்கர் தம்பிக்கு. வீட்டில் ஓரமாக ஓர் அறையில் இருந்துகொள் என்று அண்ணன் சொன்னான். தசரதன் நிலத்துக்கு மூன்று பக்கம் ஆவாரையும் சூரையும். முனிரத்தினம் பக்கம் ஒரு காரைச் செடி, ஆள் உயரம். அதன் தூரில் கனகமும் ஒரு பிடி மண் போட்டாள். பொம்பளை போடுகிற வழக்கம் இல்லை. உழப்போவது நான்தானே என்று கேட்டுப் போட்டாள். கர்ணம் தடுக்கவில்லை.

கரண்டு வந்தது. பெரிய பண்ணைக் கிணற்றில் பம்பு இறக்கினார்கள், தசரதன் பம்பு ஓட்டுகிற ஆளானான். அங்கேயும் ஒரு புஷ்ஷு இருந்தது. சுழல்கிற இரும்புத் தண்டைச் சுற்றிப் போட்டிருக்கிற பித்தளை வளையம். அது தேய்ந்தால் தண்டு ஆடும், தண்ணீர் ஏறாது. மகள் ரத்னாவுக்கு ஆறு வயசு. ஒரு வெயில் காலத்து மத்தியானம் வளையம் தேய்ந்து பம்பு உதறிக்கொண்டது. யாக்கோபு வரட்டும் என்று காத்திருக்காமல், கழற்றி வைக்கலாம் என்று தசரதன் கிணற்றுக்குள் பம்பு இருந்த மேடைக்கு இறங்கினான். மேடை மண் சரிந்தது. கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது, அடியில் பாறை.

பதினாறாம் நாள் முடிந்து யாக்கோபு துக்கம் கேட்க வந்தார். கனகம் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"யாக்கோபண்ணே, அந்த பம்புல இருந்துதே புஷ்ஷு, அதுவும் செடிதானா?"

"இல்லம்மா. அது வேற. டச்சுக்காரன்னு ஒருத்தன், அவன் பாசைல பொட்டிக்கு அப்படி ஒரு சொல்லு. அது இங்கிலீஷ்காரன் வாய்ல பூந்து தேஞ்சி இப்படி ஆயிடுச்சின்னு ஃபோர்மேன் சொல்வாரு. கேக்கத்தான் ஒரே மாதிரி."

"அப்போ அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதா?"

"கெடையாதும்மா."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு சம்பந்தம் இருந்திருக்கலாம். தான் வெட்டின வெட்டுக்குச் செடி பழி வாங்கியது என்றாவது நினைத்துக்கொண்டு அழுதிருப்பாள். ஒரு சம்பந்தமும் இல்லாத ஒன்று வந்து, தெரிந்த பேரைச் சொல்லிக் கதவைத் தட்டி, ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அப்புறம் அவளுக்கு அந்த ஒன்றரை ஏக்கர்தான். வேர்க்கடலை போட்டாள், காராமணி போட்டாள். ஏர் வாடகைக்குப் பிடித்து அவளே பின்னால் நடந்தாள். முள் வெட்டுகிற வேலையையும் விடவில்லை. ரத்னாவைச் சுங்குவார்சத்திரத்தில் ராமன் என்கிற பையனுக்குக் கொடுத்தபோது, போடுவதற்கு நகை இல்லை. அவள் அப்பன் பங்கு நிலம் அவளுக்குத்தான் என்று சபையில் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை நம்பித்தான் தாலி ஏறியது. நிலத்தை மகள் பேருக்குச் சேர்த்துவிட வேண்டும், அதற்குமேல் தான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை பொய்த்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். ஏர் பூட்டினவர்கள் ஒவ்வொருத்தராக மேட்டுக்காட்டை விட்டு, செங்கல் சூளைக்கும் லாரி வேலைக்கும் போனார்கள். வேலிகாத்தான் முள் உள்ளே வந்தது. ஆடு தின்று போட்ட இடமெல்லாம் முளைத்தது. நாலைந்து வருஷத்தில் மேட்டுக்காடு முழுக்க ஒரே பச்சை முள். பழைய எல்லைச் செடிகள் அதற்குள்ளே அமுங்கி நின்றன. எது எங்கே என்று கனகத்துக்குத் தெரியும். விறகு வெட்டப் போகும்போதெல்லாம் அவற்றின்மேல் படர்ந்த முள்ளை விலக்கிவிட்டு வருவாள்.

பரம்பரைக் கர்ணம் வேலை இனிக் கிடையாது என்று சர்க்கார் சொன்ன வருஷம், ரகுபதி ஐயாவின் கணக்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ, நிலத்தைப் புதுசாக அளக்கிறோம் என்று சர்வேயர் சுப்பராயன் வந்து சேர்ந்தார். தெற்கத்திக்காரர். நல்ல மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடிக் கருவியை முக்காலியில் வைத்து, தரையில் அடித்த ஒரு முளைக்குச்சியிலிருந்து இன்னொரு முளையைப் பார்ப்பார். நடுவில் முள் இருந்தால் பார்வை போகாது. பார்வை போக நேர்கோட்டில் வெட்டிக்கொடுக்க ஆள் கேட்டார். கனகத்தைக் காட்டினார்கள். அவளும் சரோஜாவும் கங்கம்மாளும் போனார்கள். கோடு போட்ட மாதிரி வெட்டினார்கள்.

அது ஒரு திங்கட்கிழமை. சர்வேயர் படம் வரைகிற காகிதத்தில் கட்டம் கட்டமாக ஒன்றையே எழுதிக்கொண்டு வருவதைக் கனகம் பார்த்தாள். அளவுச் சங்கிலி பிடிக்கிறவனிடம் அது என்ன என்று கேட்டாள். புஷ் என்று அவன் படித்துச் சொன்னான். என் பேரையா எழுதுகிறார் என்று அவள் சிரித்தாள். ஊர் சொல்கிறதே, அந்தச் சிரிப்பு இதுதான். சிரித்துவிட்டு, சர்வேயரிடமே போய்க் கேட்டாள்.

"உழுத நிலம்னா உழுதவன் பேரை எழுதுவேன். புஷ் இருந்தா யாரும் உழலைன்னு அர்த்தம் தாயி. இங்கிட்டுப் பூராவும் அதான நிக்குது? சர்க்கார் தரிசுன்னு போயிரும்."

"எழுதியாச்சா சார்?"

"பென்சில்லதான். வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வந்து பாப்பாரு. அப்புறம் மையில ஏறிரும்."

இருபத்தைந்து வருஷமாக அவளுக்குக் கூலியாகவும் சோறாகவும் பட்டப்பேராகவும் இருந்த சொல்லுக்கு, இங்கே யாருக்கும் சொந்தமில்லை என்று ஓர் அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். முள்ளை வெட்டினால் நிலம் நிற்கும், ஆளுக்கொரு கத்தி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். தணிகாசலம் கட்டிலில் படுத்தபடி, காடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டான். அறுப்பு நேரம் என்றது ஒரு வீடு. சூளையில் முன்பணம் வாங்கியாயிற்று என்றது இன்னொரு வீடு. முனிரத்தினம், உனக்குக் கூலி கொடுக்கிறார்கள், நாங்கள் எதற்கு வெட்ட வேண்டும் என்றான். மறுநாள் காலையில் மேட்டுக்காட்டில் மூன்றே பெண்கள் நின்றார்கள்.

ஊரெல்லாம் நிலம். மூன்று பேர் வெட்டினார்கள். அவள் தன் நிலத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அரை நாளில் முடிந்திருக்கும். அவள் முதலில் தொட்டது தணிகாசலம் நிலத்தைத்தான். இதை யாராவது குழாயடியில் சொல்கிறார்களா?

புதன்கிழமை மத்தியானத்துக்குள் முக்கால்வாசி விழுந்துவிட்டது. எல்லைச் செடிகளை மட்டும் விட்டு வைத்திருந்தாள். முள்ளெல்லாம் போன வெட்டவெளியில் காரையும் சங்கஞ்செடியும் ஆவாரையும் சூரையும் ஒவ்வொன்றாக நின்றது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சர்வேயர் நடந்து பார்த்தார். இன்னும் அங்கங்கே நிற்கிறதே என்றார். அது எல்லை என்றாள்.

"எல்லைன்னா கல்லுதான் தாயி. கல்லைக் காட்டு, எழுதுறேன். கல்லும் இல்லாம செடியும் நின்னா ஆபீசர் ஒரு வார்த்தைதான் எழுதுவாரு."

கல் ஏரியில் கிடந்தது. போய்ப் பார்த்தாள். பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் கூட்டல் குறி கொத்தின கல் பதினெட்டோ இருபதோ. எந்தக் கல் எந்த நிலத்துக் கல் என்று யாருக்குத் தெரியும்? துவைத்தவர்கள் கல்லைத் தூக்க விடவுமில்லை. திரும்பி வந்து வெட்டவெளியில் உட்கார்ந்து யோசித்தாள். செடியும் நிற்கக்கூடாது, எல்லையும் போகக்கூடாது. அவளுக்கு ஒரு வழிதான் தோன்றியது. செடியை வெட்டி, அதே செடியின் கொம்பைச் சீவி, அதே இடத்தில் முளையாக அடித்து வைப்பது. ஆபீசர் வந்தால் முளையைக் காட்டிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை பூராவும் வெட்டினாள். சரோஜாவும் கங்கம்மாளும் எல்லைச் செடியைத் தொட மாட்டோம் என்று தள்ளி நின்றார்கள். ஒவ்வொரு செடியின் முன்னாலும் கனகம் கும்பிட்டுவிட்டு வெட்டினாள், முளை அடித்தாள். தன் காரைச் செடியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்கு மட்டும் இரண்டு வெட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசர் வருவதற்கு முன்னால் சங்கிலிக்காரர்கள் வந்தார்கள். அளக்கிற நிலத்தில் தாங்கள் அடிக்காத முளை நின்றால் கணக்கு பிசகிவிடும். அப்படிக் கண்டதையெல்லாம் பிடுங்கிப் போடுவது அவர்கள் வேலையில் ஒரு பாடம். பிடுங்கினார்கள். ஒரு கட்டு விறகு சேர்ந்தது, அதில்தான் டீ போட்டார்கள். கனகம் வந்து பார்த்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர்களைத் திட்டி என்ன பண்ணுவது? அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

கர்ணம் வீட்டுக்கு ஓடினாள். ரகுபதி ஐயா ஈசிசேரிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் இப்போ யாரு கனகம்? என் கணக்கே இன்னிக்கி எந்த ஆபீஸ்ல கெடக்குதோ. நான் வந்து சொன்னா செல்லுமா?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்து என்ன?

ஜீப் வந்தது. நாலு நாளாக வராத ஊர் அன்றைக்கு மொத்தமாக வந்தது. மேட்டுக்காடு மொட்டையாகக் கிடந்தது. முள் வெட்டின கட்டை ஆயிரம், அதற்கு நடுவில் எல்லைச் செடி வெட்டின கட்டை. ஆபீசர் நிலம் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் நிலம் எதிலிருந்து எதுவரைக்கும் என்று முதல் ஆளைக் கேட்டார். முதல் ஆள் சுற்றும் முற்றும் பார்த்தான்.

கனகம் கட்டை கட்டையாக ஓடினாள். இது காரை சார், பட்டையைப் பாருங்க, இது சூரை, இதுதான் எங்க மாமா எல்லை என்று காட்டினாள். அவள் சொன்னதில் ஒரு சாண் பிசகில்லை. எல்லாரும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முனிரத்தினம் சொன்னான்: "அது இல்ல சார். எங்க எல்லை அதோ, பத்தடி தள்ளி கீது." அவன் பத்தடி தள்ளினால் அடுத்தவன் சும்மா இருப்பானா? அவன் இருபதடி தள்ளினான். தணிகாசலம் தன் தம்பி நிலத்தில் பாதியைக் காட்டி இது என்னுடையது என்றான். செடி நின்ற இரண்டு தலைமுறையும் வாயைத் திறக்காதவர்கள், செடி விழுந்த மறுநாள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அடிதடி வரைக்கும் போயிற்று.

ஆபீசர் வெயிலில் நின்று பார்த்தார். காகிதத்தை வாங்கி, கட்டங்களில் பென்சிலால் எழுதியிருந்த புஷ்ஷை ரப்பரால் அழித்தார். அந்த இடத்தில் மையால் அனாதீனம் என்று எழுதினார். உரிமை கொண்டாட ஆளில்லாத நிலத்துக்கு அந்தப் பேர். ஆளோ அன்றைக்கு ஐம்பது பேருக்குமேல் நின்றார்கள்.

ஒரு வாரம் கழித்து மருமகன் ராமன் வந்தான். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. "அப்போ நெலம் இல்லியா அத்தே?" என்று கேட்டான். கனகம் மனுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டு போய்விட்டான். அப்புறம் ரத்னா பொங்கலுக்கும் வரவில்லை. வர விடவில்லையோ, அவளே வரவில்லையோ, அது தெரியாது.

மனுவுக்காக அவள் எட்டுத் தடவை ஆபீஸுக்கு நடந்தாள். அதற்குள் ஒரு மழை பெய்தது. வேலிகாத்தான் துளிர்த்தது. காரையும் துளிர்த்தது, அதே இடத்தில், பழைய தூரிலிருந்து. கனகம் ஓடி வந்து தணிகாசலத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"பாரு மாமா, வந்துடுச்சி. எல்லாமே வந்துடும் மாமா. ஆபீசர இன்னொரு வாட்டி கூப்புடலாம்."

"இப்போ துளுத்து இன்னா பண்றது? வெட்னப்ப யாரக் கேட்டு வெட்ன?"

அவ்வளவுதான் சொன்னான். திரும்பி வீட்டுக்கு நடந்தான். அவனுக்கும் ஒரு துண்டு போயிருந்தது. தம்பி நிலத்தில் பாதிக்குக் கை நீட்டியதும் அவன் மனசுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டையும் அவள் தலையில் வைத்துவிட்டால் நடக்க லேசாக இருந்தது. ஊருக்கும் அப்படித்தான். ஆளுக்குப் பத்தடி, இருபதடி தள்ளிக் காட்டின கை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கனகத்தை நோக்கி நீண்டது. காசு வாங்கிவிட்டாள் என்று முதலில் சொன்னவன் முனிரத்தினம். சரோஜாவும் கங்கம்மாளும்கூட, அவள் சொன்னாள், நாங்கள் தொடவில்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை.

அடுத்த தை மாசம் மேட்டுக்காட்டைச் சுற்றி முள்கம்பி வந்தது. யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், கம்பெனி வருகிறது என்றார்கள், குடோன் என்றார்கள். கம்பிக்கு உள்ளே மறுபடி முளைத்ததை வெட்ட காண்டிராக்டர் ஆள் கேட்டான். புஷ்ஷு வேலை, பொம்பளை ஆள் இருபது பேர் வேண்டும் என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனான். ஊர்ப் பெண்கள் போனார்கள். தணிகாசலம் பெண்டாட்டி பாப்பம்மாளும் போனாள். கூலி வருகிறது, யாரைக் குற்றம் சொல்ல? நன்றாக வெட்டுகிற ஆள் யார் என்று காண்டிராக்டர் கேட்டதற்கு, இருக்கிறாள், ஆனால் அவளைக் கூப்பிடாதே, கண்டதையெல்லாம் வெட்டிவிடுவாள் என்றார்களாம். அந்தப் பேச்சைப் பாப்பம்மாள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். கனகம் அடுப்பில் விறகைத் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் காலையில் தெருவில் ஒரு பெண்ணும் வேலைக்குக் கிளம்பவில்லை. கம்பிக்குள் வெட்டுவதற்கு ஒரு செடி பாக்கியில்லை. கனகம் எழுந்து அறையைப் பெருக்கினாள். கஞ்சியைக் காய்ச்சிப் பாப்பம்மாள் பிள்ளைகளுக்கும் ஊற்றி வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாப்பம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"காலங்காத்தால எங்கடி?"

"வேலைக்கு வந்து கூப்ட்டாங்க, அக்கா."

யார் கூப்பிட்டார்கள், எங்கே வேலை என்று பாப்பம்மாள் கேட்டிருக்கலாம். தணிகாசலம் உள்ளேயிருந்து கேட்டிருக்கலாம். சுற்றுவட்டாரத்தில் எங்கும் அன்றைக்கு வேலை இல்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாப்பம்மாள் கோலத்தில் கால் படாமல் நகர்ந்து வழி விட்டாள். கனகம் இறங்கிப் போனாள். கத்தியும் கவைக்கோலும் அறையிலேயே கிடந்தன; போனவள் அப்புறம் திரும்பி வரவில்லை.